ஒரே வீட்டுப் பருந்துகள்

அத்தியாயம் 7

கலியமூர்த்தி முப்பத்தோரு வருஷமாகத் துப்பறிகிறார். அதில் கொலை என்று வந்தது ஒன்றே ஒன்று. செத்தது ஒரு கிடா. மற்றதெல்லாம் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்னாடியே நிச்சயமாகி நின்றதா, சொந்த வீடு என்று சொன்னது வாடகை வீடா. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்துகொண்டே எத்தனையோ கல்யாணத்தை நிறுத்திவிட்டார். உண்மையைத்தான் சொன்னார், இருந்தாலும் அந்தப் பாவமெல்லாம் முட்டியில் வந்து உட்கார்ந்துவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு. படியேறும்போதெல்லாம் வலித்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் மேஜைமேல் இருபத்திரண்டு காகித உறைகள் கிடந்தன. எதிரே மாலதி. கரையோரப் பறவைகளைக் கணக்கெடுக்கும் ஓர் அறக்கட்டளையில் பதினோரு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறவள். வெயிலில் அலைந்து கறுத்த முகம். ரெண்டு நாளாகத் தூங்கவில்லை என்பதைச் சொல்லாமலே காட்டிக்கொண்டிருந்தது.

"நான் வேலைக்குச் சேந்த வருஷம் புயல்ல மரமெல்லாம் சாஞ்சப்போ, கடலூர்லேருந்து பிச்சாவரம் வரைக்கும் செம்பருந்துக் கூடு நாலே நாலுதான் மிஞ்சிச்சு சார். இப்ப இருபத்திரண்டு. நான்தான் எண்ணினேன், நான்தான் எழுதினேன். எல்லாரும் கை தட்டினாங்க."

"சந்தோஷம்தானே?"

"ஒவ்வொரு கூட்டுக்குக் கீழயும் விழுந்த இறகை எடுத்து ஹைதராபாத்துல ஒரு லேப்புக்கு அனுப்பினோம். எண்ணிக்கை ஏறினா மட்டும் பத்தாது. எத்தனை வம்சம் கலந்திருக்குன்னு பாக்கணும். பதில் வந்திடுச்சு. இருபத்திரண்டுல பத்தொம்பது ஒரே தாய், ஒரே தகப்பனோட பிள்ளைங்க."

ஜன்னலோரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்த சேரன் திரும்பினான். கலியமூர்த்தியின் மனைவிக்குத் தம்பி, இவருக்கு உதவியாள். வாய் மட்டும் யாருக்கும் அடங்காது.

"பத்தொம்பதா? எங்க பெரியப்பா பதினொண்ணோட நிறுத்திட்டாரு மாமா. அதுக்கே ஊர்ல பேச்சு ஜாஸ்தி."

மாலதி சிரிக்கவில்லை. "நான் எங்கேயோ ஒரு கூண்டுல இருக்கற குஞ்சுங்க இறகைப் பிச்சுப் போட்டு, இருபத்திரண்டு கூடுன்னு கதை விட்டேன்னு அறக்கட்டளையில சொல்றாங்க. திங்கக்கெழமை பதினோரு மணிக்கு விசாரணைக் கமிட்டி. பதில் இல்லன்னா வேலை போவும். அது போனாப் போவுது. பதினோரு வருஷமும் பொய்னு ஆயிடும் சார்."

"இறகை எடுத்தது யாரு?"

"அய்யனார். பிச்சாவரத்துல படகு ஓட்டறவரு, மரமேறத் தெரிஞ்சவரு." குரல் இறங்கியது. "அவரு ஏமாத்தினாரான்னுதான் தெரியணும்."

மாலதி ஒவ்வொரு கூட்டிலிருந்தும் ரெண்டு இறகு எடுக்கச் சொல்லியிருந்தாள். ஒன்று லேப்புக்குப் போனது. இன்னொன்று இந்த உறைகளில் இருந்தது. கலியமூர்த்தி முதல் உறையை மேஜைமேல் கவிழ்த்தார். செங்கல் நிறத்தில் ஓர் இறகு. கூடவே தென்னங்கீற்றின் காய்ந்த நுனி. அடுத்ததில் சவுக்கு ஊசி. அடுத்ததில் பனையோலைத் துணுக்கு.

"அந்தக் குப்பையைத் தட்டிட்டு வெக்கச் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன் சார். கேக்க மாட்டாரு."

கலியமூர்த்தி கவிழ்த்துக்கொண்டே போனார். பதினாறாவது உறையிலிருந்து தடித்த ஒரு இலை விழுந்தது. சேரன் கையை நீட்டினான்.

"தொடாத மச்சான். தில்லை இலை அது. பச்சையா இருக்கும்போது பால் கண்ணுல பட்டா பார்வையே போயிடும்."

"காஞ்சிருக்குது மாமா."

"இப்ப காஞ்சிருக்கு. பறிச்சப்போ பால் இருந்திருக்கும்ல? ஒருத்தன் வீட்டுல உக்காந்து இருபத்திரண்டு உறையை ரொப்பறான்னு வையி. இலை வேணும்னா கொல்லையில இருக்கற வேப்பிலையைப் போடுவான். சதுப்புக்குள்ள படகு வுட்டுப் போய், கண்ணைப் பணயம் வெச்சுத் தில்லையைக் கிள்ளிக்கிட்டு வருவானா?"

மாலதி அந்த இலையையே பார்த்தாள்.

"உறை நெசந்தாம்மா. அப்ப தப்பு உறைக்கு வெளிய இருக்கு," என்று சொல்லி, எழுந்திருக்க வேண்டியதாகிவிட்டதே என்று ஒரு பெருமூச்சோடு கலியமூர்த்தி எழுந்தார்.

*

ஆறாம் எண் கூடு கடலூர் முதுநகரில், ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னாலிருந்த தூங்குமூஞ்சி மரத்தில் இருந்தது. அய்யனார் அங்கே காத்திருந்தார். ஒல்லியான மனிதர், வலது கையின் ரெண்டு விரலில் கொப்புளம் வெடித்து ஆறிய தழும்பு.

"தில்லையா?" என்றார் கலியமூர்த்தி.

"ஆமாங்க. எனக்கு எழுத வராது. அம்மா பின்னாடி எந்த மரம்னு கேட்டா சொல்லணும்ல? அதான் அந்தந்த மரத்துல ஒரு எலையைக் கிள்ளிப் போட்டுடறது."

மாலதி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு நிமிஷம் கழித்து, "மன்னிச்சுக்குங்க அய்யனார்," என்றாள். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மரத்தில் பருந்து உட்கார்ந்திருந்தது. வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, மற்றபடி உடம்பெல்லாம் செந்நிறம். தெருவில் போன ஒரு பெண் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். கலியமூர்த்தி மரத்தைச் சுற்றினார், தரையைப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. பங்குனி வெயில் மண்டையில் இறங்கியது. நூறு கல்யாணத்தை விசாரித்துவிடலாம், இந்தப் பருந்துக் குடும்பத்தை விசாரிக்க முடியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது மண்டபத்து மாடியில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒண்ணு, ரெண்டு, மூணு..."

பருந்து சட்டென்று கிளம்பியது. நேராக மண்டபத்துக்கு மேலே போய் மூன்று சுற்றுச் சுற்றியது. ஒலிபெருக்கிமேலேயே உட்கார்ந்து, தலையைச் சாய்த்து எதையோ தேடியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் கூட்டுக்குத் திரும்பியது.

"இது எப்பவும் அப்படித்தாங்க," என்றார் அய்யனார். "மாதா கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், காதுகுத்து, ஒண்ணையும் வுடாது."

"எந்தக் கட்சின்னு பாக்காம வருது பாருங்க மாமா. நல்ல பறவை," என்றான் சேரன்.

"மத்த கூட்டுப் பருந்து?" கலியமூர்த்தியின் குரல் மாறியிருந்தது.

"மைக் காதுல வுழுந்தா எல்லாம் வந்துடும். பிச்சாவரத்துலகூட, படகுத்துறையில பேரு கூப்புடற மைக்கைத் தட்டிப் பாத்தாப் போதும். ஒரு மூணு கூடு மட்டும் அசையாது. ஒம்போது, பதினாலு, இருவது. அதுங்க ஆளைக் கண்டாலே ஓடிடும்."

மாலதி கையிலிருந்த பையைத் திறந்து, லேப் அனுப்பிய காகிதத்தை எடுத்தாள். விரல் வரிகளின்மேல் ஓடியது. நின்றது.

"சார். லேப்புல ஒட்டாம தனியா நின்ன மூணு உறையும் அதேதான். ஒம்போது, பதினாலு, இருவது."

*

"யாரோ மைக்கைத் தட்டித் தட்டி மீன் போட்டு வளத்திருக்கான்," என்றார் கலியமூர்த்தி. "இந்த ஜில்லாவுல எத்தனை மைக் செட்காரன் இருப்பான்?"

"டீக்கடையை விட நாலு கம்மி," என்றான் சேரன்.

அவர்கள் இப்போது தேவனாம்பட்டினத்தில், கடற்கரையை ஒட்டிய அறக்கட்டளை அலுவலகத்தில் இருந்தார்கள். பருந்து எங்கே எந்தத் தேதியில் தென்பட்டது என்று மாலதி பதிந்துவைத்த தடித்த ஃபைல் மேஜைமேல் இருந்தது. அதன் நடுவே ஒரு கட்டு கும்பாபிஷேக நோட்டீஸ். கோபுரத்தின்மேல் கருடன், அதாவது இதே செம்பருந்து, வந்து வட்டமிட்ட பிறகுதான் கலசத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். கூட்டம் கழுத்து நோக அண்ணாந்து நிற்கும். கருடன் வந்தால் மறுநாள் பேப்பரில் வரும். தேதிக்காக மாலதி அந்த நோட்டீஸை வாங்கிச் சேர்த்திருந்தாள்.

"ஏழு வருஷத்துல ஒம்போது கும்பாபிஷேகம். ஒம்போதுலயும் சொன்ன நேரத்துக்குக் கருடன்," என்றான் சேரன். "நம்ம ஊரு பஸ்ஸுக்கு இந்தப் பழக்கத்தை யாராவது சொல்லிக் குடுக்கலாம்."

கலியமூர்த்தி நோட்டீஸ்களைக் கீழேயிருந்து மேலாகப் படித்தார். கல்யாணப் பத்திரிகையையும் அவர் அப்படித்தான் படிப்பார். மேலே பெரிய எழுத்தில் இருப்பதெல்லாம் பெருமைக்கு. அடியில் பொடி எழுத்தில் இருப்பதுதான் விஷயம் என்பது அவர் அனுபவம். ஒன்பது நோட்டீஸ். ஒன்பது ஊர், ஒன்பது அச்சகம். ஒன்பதின் அடியிலும் ஒரே வரி இருந்தது.

'ஒலி, ஒளி: பொன்னுரங்கம் சவுண்ட் சர்வீஸ், சிதம்பரம்.'

மாலதி ஃபைலைப் பட்டென்று மூடினாள். "கூட்டுலேருந்து குஞ்சைத் திருடி, பழக்கி, கோயில் கோயிலாக் காட்டியிருக்கான். திருட்டுப் பய."

"பாப்போம்மா," என்றார் கலியமூர்த்தி. திருடர்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவருக்குத் தூக்கம்தான் வரும். மறுநாள் காலையில் சிதம்பரம் பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிட்டார்.

*

சிதம்பரம் கீழவீதிக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சந்து. பொன்னுரங்கத்துக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். வந்தவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்று தெரிந்ததும் ஓடவில்லை, மறைக்கவில்லை. "மேல வாங்க," என்று சொல்லி அவர் முன்னால் ஏறினார். கலியமூர்த்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

மொட்டை மாடியில் பழைய ஒலிபெருக்கிகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. ஒரு மூலையில் ஆள் நிற்கும் உயரத்துக்குக் கம்பி வலை. உள்ளே ரெண்டு செம்பருந்து. ஆணுக்கு இடது இறக்கையே இல்லை. பெண்ணின் இறக்கை முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. முன்பக்கம் கழற்றிய ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குள் சுள்ளி அடுக்கி, அதன்மேல் அது உட்கார்ந்திருந்தது.

"புயல்ல வுழுந்து கெடந்துச்சுங்க, ரெண்டும். செத்துடும்னுதான் நெனச்சேன்." பொன்னுரங்கம் வலையின் அருகில் போனதும் ஆண் பருந்து தத்தித் தத்தி அவரிடம் வந்தது. "அதுக்கடுத்த வருஷம் எங்க ஊர்க் கோயில்ல கும்பாபிஷேகம். நான்தான் மைக். குடத்தைத் தூக்கிக்கிட்டுக் கோபுரத்து மேல ரெண்டு மணி நேரம் நின்னாங்க. கருடன் வரல. கடைசியில ஊத்திட்டாங்க. சனம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனுது பாருங்க... அந்த வருஷம் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கருடன் வராததுதான் காரணம்னாங்க. நான் ஆம்ப்ளிஃபையர் பக்கத்துல நின்னு மேலயே பாத்துக்கிட்டு இருந்தேன். வானம் காலியாக் கெடந்துச்சு சார். அது எனக்குத் தாங்கல."

"அப்புறம்?" என்றாள் மாலதி. கோபம் எங்கேயோ இறங்கிப் போயிருந்தது.

"இதுங்க முட்டை வெச்சுது. மொத ரெண்டை எடுத்துக் கோழி அடையில வெச்சேன். அதுவும் பொரிச்சுது, இது மறுபடியும் ரெண்டு வெச்சுது. வருஷத்துக்கு நாலு குஞ்சு. சாயங்காலம் மைக் செட்டைத் தட்டிப் பாக்கறப்போ மீனை வெட்டிப் போடுவேன். றெக்கை முத்தினதும் தொறந்து வுட்டுடுவேன். ஒண்ணைக்கூட நான் கட்டி வெக்கலம்மா. அதுங்களாப் பறந்து, அதுங்களாக் கூடு கட்டுச்சு."

"கோயில்ல வந்தது?"

"நான் கூப்புடல. மைக்கைத் தட்டிப் பாக்காம எப்படி வேலை செய்யறது? தட்டினா வந்துடுச்சு. சனம் கையெடுத்துக் கும்புட்டுச்சு. நானும் கும்புட்டேன்."

நாலு கூட்டை இருபத்திரண்டாக்கிய ஆள் இவர்தான். மாலதி பதினோரு வருஷம் எண்ணியதெல்லாம் இந்த மாடியிலிருந்து போனது. அவள் ஒரு ஒலிபெருக்கியின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பொன்னுரங்கம் அவள் பக்கம் குனிந்தார். "நீங்க படிச்சவங்க, ஒண்ணு கேக்கணும். ரெண்டு வருஷமா நெறைய கூட்டுல முட்டை கூமுட்டையாப் போவுது. என் பொண்ணுங்க மாசக் கணக்குல உக்காந்து பாத்துட்டு எழுந்து போவுதுங்க. என்னா வியாதிம்மா? மருந்து இருக்குதா?"

மாலதி திரும்பிக் கலியமூர்த்தியைப் பார்த்தாள். இதைச் சொல்லும் வேலை கடைசியில் தன் தலையில்தான் விழும் என்று அவருக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷமாக அப்படித்தான் விழுகிறது.

"வியாதி இல்லண்ணே," என்றார். "ஊர்ல இருக்கற மாப்பிள்ளை எல்லாம் நீங்க வளத்தது. பொண்ணு எல்லாமும் நீங்க வளத்தது. அண்ணன் தங்கச்சியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க. வெளிய சம்பந்தம் பண்ண மூணே வீடுதான் பாக்கி."

கீழே சந்தில் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இப்பவே முட்டை பொரியல. நாளைக்கு ஒரு நோய் வந்தா ஒண்ணுகூடத் தாங்காது," என்றாள் மாலதி மெதுவாக. "வேற கடலோரத்துலேருந்து வேற வம்சத்தைக் கொண்டாந்து சேக்கணும். அதுக்கு மொதல்ல இதுங்க ரெண்டும் இனிமே குஞ்சு பொரிக்கக் கூடாது."

பொன்னுரங்கம் ஸ்பீக்கர் பெட்டிக்குள் பார்த்தார். பெண் பருந்து அடியிலிருந்த முட்டையைப் புரட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தது. "நல்லதுன்னுதான் செஞ்சேன்," என்றார். "நெஜமாவே நல்லதுன்னுதான் செஞ்சேன்."

"நாளைக்குப் பதினோரு மணிக்கு இந்தம்மாவுக்குக் கமிட்டி," என்றார் கலியமூர்த்தி. "நீங்க வந்து சொன்னா இவங்க பேரு தப்பிக்கும். ஆனா இதை வீட்டுல வளத்ததுக்குக் கேஸ் ஆவும். கருடன் கதை ஒம்போது ஊருக்கும் தெரிஞ்சுபோவும். நான் வான்னு சொல்ல மாட்டேன், வராதேன்னும் சொல்ல மாட்டேன்."

பொன்னுரங்கம் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் இறங்கினார்கள். பஸ்ஸில் மாலதி ஒரே ஒரு தரம் கேட்டாள். "வருவாரா சார்?"

"தெரியலம்மா. எனக்கே அவரு இடத்துல இருந்தா கால் வராது."

*

திங்கட்கிழமை பதினொன்றே கால். அறக்கட்டளை அலுவலகத்தில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். மாலதி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். இலைகள், மைக், மூன்று கூடு எல்லாம் சொன்னாள். பொன்னுரங்கத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை. கலியமூர்த்தி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"மைக்கைக் கேட்டுப் பருந்து வருமா?" தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், இதை நாங்க எந்தக் காகிதத்துல எழுதறது?"

"மைக்கைக் குடுத்தா நானே கூப்பிட்டுக் காட்டுவேன் சார், ஆனா எனக்குக் காக்காதான் வரும்," என்று சேரன் கலியமூர்த்தியின் காதில் முணுமுணுத்தான்.

வெளியே ஒரு குட்டியானை வண்டி வந்து நிற்கும் சத்தம். ஏதோ இறக்கினார்கள். பிறகு அந்தக் கரகரப்பு கேட்டது.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒண்ணு... ரெண்டு... மூணு..."

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். முற்றத்தில், கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிக்குக் கீழே பொன்னுரங்கம் நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். தென்னந்தோப்புக்கு மேலிருந்து முதலில் ஒரு பருந்து வந்தது. துறைமுகப் பக்கமிருந்து ரெண்டு. அப்புறம் நாலு. ஏழு செம்பருந்துகள் அவர் தலைக்கு மேலே வட்டமிட்டன. கமிட்டியில் ஒருத்தர் தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நாற்பது வருஷமாக மைக்கைத் தட்டியவர், 'ஒண்ணு, ரெண்டு, மூணு'க்கு மேல் அதில் பேசியதே இல்லை. தடுமாறினார்.

"எம் பேரு பொன்னுரங்கம். இதெல்லாம் என் வீட்டுல பொறந்தது. அந்தம்மா அனுப்பின இறகுல பொய் இல்லீங்க. அய்யனார் மேலயும் தப்பு இல்ல. தப்பு என்னுது." நிறுத்தி மூச்சு விட்டார். "நேத்து அந்த ரெண்டு முட்டையையும் எடுத்துட்டேன். ஜோடியைப் பிரிச்சு வெச்சிருக்கேன். ஆணு ராத்திரி பூரா கத்துச்சு. வேற எங்கயாவது, நல்லாப் பாத்துக்கற எடமா..."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாலதியைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார். அவள் அதைக் கவனிக்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பருந்துகள் தாழ இறங்கிவிட்டன. ஒன்று ஒலிபெருக்கியின்மேல் உட்கார்ந்து அவர் கையையே பார்த்தது. பொன்னுரங்கம் ரெண்டு கையையும் விரித்துக் காட்டினார். கையில் ஒன்றும் இல்லை.

"மீனு கொண்டாரல," என்றார் மைக்கிலேயே. "இனிமே கொண்டார மாட்டேன். போங்க. தூரமாப் போங்க. அசல்ல போயிப் பொண்ணு தேடுங்க."

ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஒலிபெருக்கிமேல் உட்கார்ந்தது மட்டும் போகவில்லை. பொன்னுரங்கம் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அதைத் திரும்பிப் பார்க்காமல் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். கலியமூர்த்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய், வயரின் மறுமுனையைக் கையில் எடுத்தார்.

"மெதுவாச் சுத்துங்கண்ணே," என்றார். "அது போவட்டும்."